நாற்பத்தோரு ஹெர்ட்ஸ்

யூரோப்பா பனித்தள நிலையம். நாள் 212. 06:10

எழுதுபவள் சுகிர்தா, மின்னணுப் பராமரிப்பு. இந்த நிலையத்தில் நாங்கள் மூவர். மற்ற இருவரும் பனிக்குக் கீழே கடலில் இருக்கிறார்கள். மடவை என்ற சிறு நீர்மூழ்கியை ஓட்டுபவர் டைட்டஸ். கூடவே உயிரியல் ஆய்வாளர் ஹமீதா. நிலையத்துக்கு வடக்கே ஐம்பத்திரண்டு கிலோமீட்டரில் இருந்து திரும்பி வருகிறார்கள். காற்று நாளை மதியம் வரை.

உப்புத் தண்ணீரில் ரேடியோ செல்லாது. ஒலி மட்டும்தான். அவர்கள் பேசுவது தண்ணீருக்குள் இறக்கிய ஒலிவாங்கி வழியே எனக்குக் கேட்கும். நான் பேசும் கருவி நேற்று ஈரம் ஏறிக் கருகிவிட்டது. தண்ணீருக்குள் தொங்கும் அதிர்வுத் தட்டு மட்டும் நன்றாக இருக்கிறது. அதை டைட்டஸின் பேஸ் கிட்டார் ஆம்ப்போடு, அந்த ஒலிபெருக்கிப் பெட்டியோடு, இணைத்து, தடித்த கம்பியின் ஸ்வரத்தை, நாற்பத்தோரு ஹெர்ட்ஸை, ஓயாமல் ஒலிக்க விட்டிருக்கிறேன். அதைக் கேட்டுத்தான் திசை பிடித்து வருகிறார்கள். ஆம்ப் வழியே பேசினால் இத்தனை தூரத்தில் பேச்சு குழைந்துவிடும், ஒற்றை ஸ்வரம்தான் தாங்கும். எடை மிஞ்சுகிறது என்று சட்டையைக் குறைத்துக்கொண்டு ஆம்ப்பைக் கொண்டுவந்தவர் டைட்டஸ். அன்று நான் செய்த கேலிக்கெல்லாம் இப்போது மன்னிப்பு.

மடவை: "பிள்ளே, கேக்குது, நல்லா கேக்குது. எனக்க ஆம்ப்ப சூடாக்கிராத, கேட்டியா?"

ஆம்ப் சூடு 61 டிகிரி. பரவாயில்லை.

07:45

ஃபியூஸ் போனது. உதிரி ஒன்றுதான் இருந்தது. போட்டேன். பதினோரு நிமிடத்தில் அதுவும் போனது.

நாகர்கோவிலில் மைக் செட் வாடகைக்கு விடும் கடையில் மூன்று வருடம் ஆம்ப் பழுது பார்த்தவள் நான். கல்யாண வீட்டில் பாட்டு நின்றால் ஃபியூஸ் தேடிக்கொண்டு யாரும் ஓடுவதில்லை. ஒயரிலிருந்து ஓர் இழையை உருவிச் சுற்றிவிட்டுத் தாலி கட்டச் சொல்வோம். அதையேதான் செய்தேன். இரண்டு ஃபியூஸ் அடுத்தடுத்துப் போனால் உள்ளே ஏதோ கோளாறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். திறந்து பார்க்க நாற்பது நிமிடம் ஆகும். நாற்பது நிமிடம் அவர்களைச் சத்தமில்லாமல் விட மனம் வரவில்லை.

சத்தம் திரும்ப வந்துவிட்டது. சூடு 74.

09:20

புகை. நாற்றம். சத்தம் நின்றது.

மடவை: "பிள்ளே, சத்தம் நின்னுட்டு. என்ன ஆச்சு?"

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். மூடியைத் திறக்கிறேன்.

10:05

ஷார்ட் இருக்கிறதா என்று சோதிக்க மாட்டும் சீரியல் பல்பு இல்லை. அதற்குப் பதில் வெந்நீர் போடும் கம்பிச் சுருளை மின்சாரத்துக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் மாட்டிப் பார்த்தேன். சுருள் சிவக்காவிட்டால் ஆம்ப் பிழைக்கும், சிவந்தால் உள்ளே ஷார்ட். நொடியில் நெருப்பாகச் சிவந்தது.

வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் நான்கு. மீட்டரை வைத்தேன். மூன்று ஷார்ட். அவற்றின் ரெசிஸ்டர்கள் கரி. போர்டில் விரல் அகலத்துக்குத் தடம் எரிந்திருக்கிறது. ஃபியூஸ் இருந்திருந்தால் முதல் டிரான்சிஸ்டரோடு நின்றிருக்கும். நான் சுற்றிய இழை மட்டும் பளபளவென்று சுகமாக இருக்கிறது.

என் தப்பு. இதைப் படிப்பவர் யாரானாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

11:50

உதவி கேட்டுப் பூமிக்கு எழுதியிருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "மேற்படி கருவி நிலையப் பட்டியலில் இல்லை. தனிப்பட்ட உடைமைகளுக்குப் பராமரிப்பு ஆலோசனை வழங்க நடைமுறை இல்லை. பட்டியல் எண் இருப்பின் அனுப்பவும்."

எண் இல்லை ஐயா. இரண்டு உயிர்தான் இருக்கிறது.

12:15

மடவை: "சுகிர்தாக்கா, நான் ஹமீதா. சத்தம் இல்லாம மூணு மணி நேரம் ஆச்சு. இப்ப நின்ன இடத்துலயே நிக்கிறோம். திசை தெரியாமப் போயி வழி தவற வேணாம்னு நான்தான் சொன்னேன். நீங்க பதறாம செய்ங்க. காத்து இருக்கு."

மடவை: "அவ பதறுவாளா? எத்தன ஆம்ப்ப பார்த்தவ அவ! சரியாக்கிருவா, பாரு."

பதறிக்கொண்டுதான் இருக்கிறேன். எரிந்த மூன்றையும் சாலிடர் உருக்கிக் கழற்றுகிறேன்.

13:40

என் அறை ஹீட்டரின் கட்டுப்பாட்டுப் பலகையில் பொருந்தக்கூடிய டிரான்சிஸ்டர் ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்று. பிழைத்த பழையதோடு சேர்த்தால் ஒரு ஜோடி. நான்கு பேர் இழுத்த தேரை இரண்டு பேர் இழுக்க வேண்டும். பாதிச் சத்தம்தான் வரும், வந்தால் போதும். ஹீட்டர் போனதால் அறை மைனஸ் ஆறு. வாய் ஆவி மீட்டர் கண்ணாடியில் பனியாகப் படிகிறது.

எரிந்த தடத்துக்குப் பதில் ஒயர் இழுத்துவிட்டேன். விண்வெளி உடையின் ரேடியோவைப் பிரித்துச் சரியான ஃபியூஸ் எடுத்துப் போட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

14:20

மடவை: "வந்துட்டு! சத்தம் வந்துட்டு! ஹமீதா, நான் சொன்னேம்லா? பிள்ளே, நீ நல்லா இருப்ப!"

ஆம்ப் என் எதிரே மேசையில் பிரிந்து கிடக்கிறது. பிளக் தரையில் கிடக்கிறது.

14:26

ஒலிவாங்கியை வடக்குப் பக்கம் திருப்பிக் கேட்டேன். உண்மைதான். ஓர் அடித்தொண்டைச் சத்தம். முப்பத்தொன்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில் அலைகிறது. வியாழனின் இழுப்பில் பனிப்பாளம் பிளந்து, பிளவின் ஓரங்கள் உரசி அதிர்கின்றன. அவர்களுக்கும் வடக்கே. எனக்கு நேர் எதிர்த்திசை.

அவர்கள் அதை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள்.

கத்தினேன். எழுத வெட்கமாக இருக்கிறது, மேசையில் இருக்கும் ஒலிவாங்கிப் பெட்டியில் வாயை வைத்துக் கத்தினேன். அது கேட்கத்தான் செய்யும், பேசாது.

15:05

மீதியைப் பதினைந்து நிமிடத்தில் சாலிடர் செய்து முடித்தேன். சுருள் சிவக்கவில்லை. நேராக மாட்டினேன். ஒலிக்கிறது! பாதிப் பலம், கொஞ்சம் கரகரப்பு, ஆனால் ஒலிக்கிறது.

மடவை: "அண்ணே, பின்னாலயும் ஒரு சத்தம் கேக்குது. மெலிசா."

மடவை: "எதிரொலியா இருக்கும். பலமா இருக்கதுதான் அவ. கூட்டி வச்சிருக்கா, தெரியல்லியா?"

15:30

எதிரொலி விட்டுவிட்டு வராது. அதனால் இன்புட் ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். மூன்று முறை ஒலி, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. ஒவ்வொரு முறையும் தட்டில் 'டப்' என்று அடி விழுகிறது. அந்த அடியை இரண்டே டிரான்சிஸ்டர் தாங்க வேண்டும்.

மடவை: "அண்ணே, அந்தப் பின் சத்தம் விட்டுவிட்டு வருது. யாரோ கூப்புடுறாப்புல இருக்கு. கொஞ்சம் நிறுத்துங்களேன்."

ஹமீதா, நீ என் தங்கம். நிற்கச் சொல். நிற்கச் சொல் அவரை.

மடவை: "சுகிர்தா ஆம்ப்ப அப்படி விட்டுவிட்டு போடவே மாட்டா. போட்டா டப்பு டப்புன்னு அடிச்சு டிரான்சிஸ்டர் போயிரும், அது அவளுக்குத் தெரியும். எனக்கு அவளைத் தெரியும் ஹமீதா."

மடவை: "...சரிண்ணே."

15:41

இன்னும் மூன்று முறை. இரண்டாவதில் ஃபியூஸ் போனது. திறந்து அளந்தேன். இரண்டு டிரான்சிஸ்டரும் ஷார்ட்.

இந்த நிலையத்தில் வேறு டிரான்சிஸ்டர் இல்லை. எல்லாப் பெட்டியையும் பிரித்துவிட்டேன். மூச்சுக்காற்றுப் பம்ப்பின் பலகையையும் திறந்து பார்த்தேன். இருந்திருந்தால் எடுத்திருப்பேன்.

16:30

மடவை: "பின் சத்தம் அடங்கிட்டுக்கா. அண்ணன் சொன்னது சரிதான். சும்மா பயந்துட்டேன்."

மடவையின் ஒலிக்குறி வந்துசேரும் நேரக் கணக்கில், நின்றபோது முப்பத்தைந்து கிலோமீட்டர். இப்போது நாற்பத்தாறு.

17:15

டைட்டஸ் பாடுகிறார். ஹமீதா சிரிக்கிறாள். வந்ததும் என்ன சாப்பிடுவது என்று பேசுகிறார்கள். அவளுக்குப் பருப்பும் சோறும் போதுமாம். அவருக்குப் புளிமுளம், எங்கள் ஊர் மீன்குழம்பு. இங்கே மீனுக்கு நான் எங்கே போவேன் என்று என்னைக் கேலி செய்கிறார். நன்றாகச் சிரிக்கிறார்கள். இவ்வளவு சந்தோஷமாக அவர்களை நான் இந்த 212 நாளில் கேட்டதில்லை.

அழுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான், குளிரினாலும்தான்.

17:50

ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். பிளவின் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. பனி உடையும் ஒலியும் கூடவே. ஒலிவாங்கியை அணைத்துவிடலாம். இரண்டு முறை கை கொண்டுபோனேன். இன்னும் பதினெட்டு மணி நேரக் காற்று அவர்களிடம் இருக்கிறது. யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

18:02

மடவை: "பிள்ளே, கிட்ட வந்துட்டோம். சத்தத்தைக் கொஞ்சம் குறையேன். காது வலிக்குது."