படுவான்கரைக்கு ஒரு மருத்துவிச்சி

1937 செப்டெம்பர் 19, ஞாயிறு

கச்சான் காற்று, உடம்பெல்லாம் புழுக்கம். காலையில் துறையடியில் ஆட்கள் உட்காரும் வாங்குகளுக்குத் தார் பூசினோம். நற்பணிச் சங்கம் (இனி ந.ச.) போட்டவை. ஆடுகள் படுக்கவும் உதவுகின்றன.

பின்னேரம் கூட்டம், வழக்கம்போல நம் வீட்டு முன்னறையில். பட்டணத்து டாக்குத்தர் சொல்லியனுப்பிய செய்தி: பூட்டுள்ள கதவு, சீமெந்துத் தரை, ஒழுகாத கூரை. இப்படி ஒரு பிள்ளைப்பேற்று அறை மாரிக்கு முன் இருந்தால் அரசாங்க மருத்துவிச்சி நமக்கு. இல்லாவிட்டால் உன்னிச்சை ஊர்ப் பக்கம் அனுப்பிவிடுவார்.

இங்கே, வாவியின் மேற்கே படுவான்கரையில், ஒருத்திக்கு வலி கண்டால் தோணியில் வாவியைக் கடந்துதான் ஆஸ்பத்திரி. போன மாரியில் என் மனைவி பொன்னம்மாவின் தங்கை நடு வாவியில், தோணியிலேயே போய்விட்டாள். பிள்ளையும் கூட. கூட்டத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. நினைக்காதவரும் இல்லை.

காணிக்கு என்ன வழி என்றார் தலைவர் போடியார். வட்டை வட்டையாய் வயல் உள்ளவர், கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார். நான் எழுந்து, வாவிக்கரைத் தென்னை வளவைத் தருகிறேன் என்றேன். கைதட்டல். ஏறாவூர் மீராலெவ்வை (நம் எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன்) கூரை ஓடு முழுக்கத் தன் பொறுப்பு என்றார். ந.ச. காரியதரிசி என்றால் என்னைப்போல இருக்கவேண்டும்.

செப். 20

வளவு பொன்னம்மாவின் சீதனம். அவளுக்குப் பின் சின்ன மகளுக்கு. இந்தப் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண் வழி என்பது எனக்குத் தெரியாததா? பேச்சு வேகத்தில் நினைவு வரவில்லை. போடியார் கூரையைப் பார்த்த காரணம் இன்றுதான் விளங்குகிறது. அவர் ஆளும் வயலில் பாதி மனைவியுடையது.

பாதகமில்லை. பொன். இளகிய மனசுக்காரி. நாளைக்குப் பக்குவமாய்ச் சொல்லிவிடலாம்.

வாங்க: மண்ணெண்ணெய். ஆணி. நல்ல வெற்றிலை (பொன்.க்கு).

செப். 23

இன்னும் சொல்லவில்லை. தேவையும் இல்லாமல் போயிற்று. கிணற்றடியில் போடியாரின் மனைவி பொன்.னிடம், "உன்ட புருஷன் பெரிய தர்மவான் கா" என்றாளாம். வீட்டில் சோறு உண்டு, மீன் உண்டு, பேச்சு இல்லை. வெற்றிலை தட்டில் அப்படியே வாடிக்கிடக்கிறது.

எப்படியும் ஞாயிறுக்குள் சரிக்கட்டிவிடுவேன்.

செப். 26, ஞாயிறு

சரிக்கட்டவில்லை.

கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பொன். திரும்பிப் போகவில்லை. வாசலில் நின்றபடி பேசினாள். இதுவரை எந்தப் பெண்ணும் ந.ச. கூட்டத்தில் வாய் திறந்ததில்லை.

"வளவு சின்னவளுக்கு. அத நான் தரமாட்டன்."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

"மருத்துவிச்சிக்கு இந்த அறையத் தாறன். கதவுக்குப் பூட்டுக் கிடக்கு, சீமெந்துத் தரை கிடக்கு. நாளைக்கே வரச் சொல்லுங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்ட தங்கச்சியத் தோணியில ஏத்தின நேரமும் இஞ்சதான் கூட்டம் வெச்சிருந்தீங்க. கதவச் சாத்திப்போட்டு."

உண்மை. துறையடிக்கு வாங்கு போடுவது பற்றிய கூட்டம் அது. அழுகைச் சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தோம். எனக்கு முகம் எரிந்தது. இவ்வளவு நாளும் இந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அறைக்கு எங்கே போவது என்று பேசியிருக்கிறோம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

காக்காதான் முதலில் வாய் திறந்தார். தான் தருவதாகச் சொன்ன ஓடு ஓடுதான், இந்தக் கூரையின் உடைந்த ஓடெல்லாம் மாற்றித் தருவாராம். ஏகமனதாய் நிறைவேறியது.

ஒக். 3

டாக்குத்தர் வந்து பார்த்தார், திருப்தி. மருத்துவிச்சியும் வந்துவிட்டாள். இளம் ஆள். ஒரு குடை, ஒரு தகரப் பெட்டி. முதல் கட்டளையே எனக்கு: மேசையை எடு, அலுமாரியை எடு, சுவருக்குச் சுண்ணாம்பு அடி. ந.ச. இனி மாட்டுக் கொட்டிலின் ஓரத்தில். காற்றோட்டம் நல்லது. மாடும் சாது.

பொன். இன்று வெற்றிலை போட்டாள். என்னிடம் பாக்கும் கேட்டாள்.

ஒக். 24, ஞாயிறு

விடியமுதல் மழை. மாரி பிடித்துவிட்டது.

கூட்டம் பாதியில் இருக்கையில் வண்டிலில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தலைப்பிள்ளை. வலி கண்டு வெகு நேரம். கூட வந்த தமையனுக்கு நம் அறையில் நம்பிக்கை இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று துறையில் தோணி பேசி நிறுத்திவிட்டுத்தான் வந்தான். மருத்துவிச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தீர்மானம் ஒன்றும் நிறைவேறவில்லை. பொன். கையைக் காட்டினாள், போடியார் மழையில் கிணற்றுக்கு ஓடினார். தண்ணீர் சுமந்து அவரை நான் கண்டதே இல்லை. காக்கா விறகு பிளந்தார். நான் அடுப்பு ஊதினேன். உள்ளே அந்தப் பெண் கத்தக் கத்த இன்னும் பலமாய் ஊதினேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பொழுது சாய்கையில் பெண் பிள்ளை. தாய்க்கும் சுகம்.

தமையன் கொட்டிலில் உட்கார்ந்து விம்மினான். போடியார் அவனுக்குத் தன் சால்வையைக் கொடுத்தார். பொன்.னைக் காணவில்லை. தேடிப் போனேன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு துறையில் நின்றாள். தோணிக்காரன் கம்பைக் கையில் பிடித்தபடி இன்னும் காத்திருந்தான்.

"ஏத்த ஆளில்ல," என்றாள் அவனிடம். "நீ போ மனே."

வெறுந்தோணி மழைக்குள் போயிற்று. அது மறையுமட்டும் நின்று, வாய்விட்டு அழுதாள். தங்கையின் செத்த வீட்டில்கூட அவள் அழுது நான் காணவில்லை.