கைக்கெட்டும் தூரத்துக் குழி

பெப். 10, திங்கள்

பனி. ரத்தோட்டை பஸ்ஸின் கண்ணாடிகள் எல்லாம் வெள்ளை. இறங்கும் இடம் தெரியாமல் ஒரு பஸ் ஹோல்ட் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தேன். செருப்பு நனைந்தது.

எழுதும்படியாக என்னிடம் விஷயம் ஒன்றும் இல்லை. இருந்தும் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். (யாரிடம் கேட்கிறேன்?) நான் கிளார்க் வேலை பார்க்கும் கோல்ஃப் கிளப்புக்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பனி அனுப்பிய டயரி இது. ஜனவரி முழுவதும் என் மேசையில் சும்மா கிடந்தது. நல்ல தாள். வீணாகிறதே என்றுதான். அதுவே காரணம் என்று இருக்கட்டும்.

சனிக்கிழமை கடிதம் வந்தது. ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை. கண்டியில், 25ஆம் திகதி. இது இரண்டாம் தடவை. போன வருஷம் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஏன் படிப்பிக்க விரும்புகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். பதில் தெரியும். வாயில் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் கம்பியைக் கொத்திக்கொண்டிருந்தது. நடுவில் இருந்தவர் "யூ மே கோ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் மறக்க முடியவில்லை.

மூன்றாம் தடவை கூப்பிட மாட்டார்கள் என்று பேச்சு. இங்கே என் வேலையும் மார்ச் வரைக்கும்தான், பிறகு பழைய கிளார்க் திரும்பி வந்துவிடுவார்.

அப்பா மாத்தளையில் புடவைக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவர். மகள் பட்டதாரி என்று சொல்லாமல் ஒரு கஜம் துணி கிழிக்க மாட்டார்.

இன்று படித்தது: அரசியலமைப்பு, ஒல்லாந்தர் காலம். எழுதியது: கட்டுரை ஒன்று. பேசியது: இல்லை.

பெப். 11, செவ்வாய்

வெயில். தட்டச்சு மெஷினில் 'e' மறுபடியும் ஒட்டுகிறது.

என் ஜன்னலிலிருந்து இரண்டு இடங்கள் தெரியும். இடது பக்கம் கீழே சரிவு, அதற்கப்பால் ரப்பர் மரங்கள். மெம்பர்கள் பெரிய மட்டையால் ஓங்கி அடித்துப் பழகுவது அங்கே. வராந்தாவிலிருந்து பார்த்தால் அது தெரியாது. நேரே முன்னால் வட்டமாக வெட்டிய புல், அதில் குழி. சின்ன மட்டையால் பந்தை உருட்டிக் குழியில் போட்டுப் பழகுவதற்கு. வராந்தா நாற்காலிகள் எல்லாம் அதைப் பார்த்தே இருக்கின்றன. அங்கே காகங்கள்தான் நடக்கின்றன.

கவனித்தவை:

பேங்க் மனேஜர்: ஓங்கி நன்றாக அடிப்பார். அதையேதான் பழகுவார். மணலில் பந்து விழுந்தால் மணலைத் திட்டுவார்.

வக்கீல்: பழக மாட்டார். தோற்றால் புது மட்டை வாங்குவார்.

கொக்கோ தோட்டத்துத் துரை: காற்றில் வெறுமனே வீசுவார். பந்தே வைப்பதில்லை. அழகாக இருக்கும்.

முத்தையா அண்ணனிடம் கேட்டேன். பார் பார்ப்பவர், எங்கள் தெரு. வேலை கிடைக்கும் முன்பே என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுகிறவர்.

"ஏன் அண்ணே, எல்லாரும் தூரமா அடிக்கிறதையே பழகுறாங்க?"

"தூரமா அடிச்சா இங்க வந்து குந்திக்கிட்டு மூணு கிளாசுக்குப் பேசலாம் டீச்சரம்மா. கிட்டக்க கெடக்கிற பந்தக் குழியில தள்ளுனா என்னத்தப் பேசுறது?"

"தள்ளலேன்னா?"

"அத மத்தவங்க பேசுவாங்க."

பெப். 12, புதன்

மணி பற்றி எழுத வேண்டும். பார் வாசலில் ஒரு பித்தளை மணி தொங்குகிறது. யாரோ பழைய துரை விளையாட்டாக வைத்த சட்டமாம். முன்னாலுள்ள வட்டப் புல்லில், கைக்கெட்டும் தூரத்துப் பந்தைக் குழியில் போடாமல் தவறவிட்டால் முத்தையா அண்ணன் மணி அடிப்பார். தவறவிட்டவர் வராந்தாவில் இருக்கிற எல்லாருக்கும் குடிக்க வாங்கித் தர வேண்டும். விளையாட்டுத்தான். ஆனால் அதற்குப் பிறகு யாரும் அங்கே பழகுவதில்லை. போட்டி நாளில் அதே தூரத்துப் பந்துகளைத் தவறவிட்டுத்தான் எல்லாரும் தோற்கிறார்கள். அதைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை.

மிஸிஸ் ராஜநாயகம் (இனி மி.ரா.) இன்றும் கீழ்ச் சரிவில். தோட்டத்து டாக்டரின் மனைவி, யாழ்ப்பாணம். நாற்பது வயது இருக்கும். பெண்களில் இவ்வளவு தூரம் அடிப்பவர் வேறு இல்லை. 22ஆம் திகதி பெண்கள் கிண்ணத்துக்கான கடைசிப் போட்டி, மிஸிஸ் டர்னருடன். மி.ரா. கடைசிப் போட்டி வரைக்கும் வருவதும், கைக்கெட்டும் பந்தைத் தவறவிட்டுத் தோற்பதும் வருஷா வருஷம் நடப்பதாம். இந்த வாரம் தினமும் வருகிறார். தினமும் ஓங்கி அடிக்கிறார். பந்து ரப்பர் மரங்களுக்கு மேலே போகிறது.

எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது? என்னுடைய கிண்ணமா?

பெப். 13, வியாழன்

வீட்டில் விளக்கு மங்கல். கோயில் ஒலிபெருக்கி காலையிலேயே தொடங்கிவிட்டது. தேர் வரைக்கும் இனி இப்படித்தான்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே: "வாய்க்குள்ளயே படிச்சிக்கிட்டு இருக்கியே, அங்கயும் வாய்க்குள்ளயே சொல்லிட்டு வரப் போறியா?"

"எழுதிப் பாத்தா மனசுல நிக்கும்மா."

"போன வருசமும் மனசுல நின்னுச்சே. வெளிய வந்துச்சா?"

கோபம் வந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனேன். அங்கேயும் வாய்க்குள்ளேயேதான் படித்தேன்.

வாங்க வேண்டியது: மை, கொண்டை ஊசி, அப்பாவுக்கு இருமல் மருந்து.

பெப். 15, சனி

காலம் தப்பிய மழை, மத்தியானம். மி.ரா. சரிவிலிருந்து ஓடி வந்து என் ஆபீஸ் வாசலில் ஒதுங்கினார். தலைமுடியில் தண்ணீர். துவாய் கொடுத்தேன்.

"இந்த ஜன்னலால உமக்கு எல்லாம் தெரியும், என்ன?"

தலையாட்டினேன்.

"என்ர அடி எப்பிடி?"

"நல்லா இருக்குங்க மேடம்."

"அப்ப ஏன் நான் ஒவ்வொரு வருசமும் தோக்கிறன்? சொல்லும் பிள்ளை, பாத்துக்கொண்டுதானே இருக்கிறீர்."

தகரத்தில் மழை. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு வர்றதையே பழகுறீங்க மேடம். வராதது முன்னால இருக்கு. அங்க மணி இருக்கு, ஆளுங்க இருக்காங்க. அதனால நீங்க கீழ போயிடுறீங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

மி.ரா. துவாயை மடித்து மேசையில் வைத்தார். "நீர் இந்த மட்டையை ஒருநாளாவது கையால தொட்டிருக்கிறீரோ?"

"இல்லைங்க."

"ஓ."

மழை விடவில்லை. மழையிலேயே காருக்கு நடந்து போனார்.

பெப். 16, ஞாயிறு

தூக்கம் இல்லை. செக்ரட்டரியிடம் சொல்லிவிடுவாரோ. மார்ச்சுக்கு முன்பே போகச் சொல்லிவிட்டால் அப்பாவிடம் என்ன சொல்வது. பட்டதாரிக்கு வாய் நீளம் என்றா? சிரிப்பு வந்தது. வாய் நீளம் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை.

தலை குளித்தேன். துணி தோய்த்தேன். மறுபடியும் ஒல்லாந்தர்.

பெப். 17, திங்கள்

மி.ரா. வரவில்லை. சரிவு காலி. ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எழுந்து பார்த்தேன். செக்ரட்டரி கூப்பிட்டார். புல் வெட்டும் மெஷினுக்குப் பெல்ட் வாங்கக் கடிதம் அடிக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

பெப். 18, செவ்வாய்

பின்னேரம் வராந்தா நிறைய ஆட்கள். டாக்டரின் கார் வந்து நின்றது. மி.ரா. இறங்கினார். சரிவுக்குப் போகவில்லை. சின்ன மட்டையை எடுத்துக்கொண்டு நேரே வட்டப் புல்லுக்கு வந்தார். வராந்தா முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாற்காலிகள் நகரும் சத்தம்.

முதல் பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது.

மணி.

"மிஸிஸ் ராஜநாயகத்துக்குத் தாராள மனசு" என்று பேங்க் மனேஜர் இங்கிலீஷில் சொன்னார். சிரிப்பு. முத்தையா அண்ணன் தட்டோடு ஓடினார். அடுத்ததும் தவறியது. மறுபடி மணி. மேசைக்குக் கீழே என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

நான் என்றால் வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் குனிந்து பந்தை எடுத்து அதே இடத்தில் வைத்தார்.

என் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை.

பெப். 19, புதன்

இன்றும். மணி இன்றும்.

"டாக்டரையா காருக்குள்ளயே குந்திக்கிட்டாரு" என்றார் மு. அண்ணன். "பேப்பர தலகீழா புடிச்சிருக்காரு, பாவம். டீச்சரம்மா, நீங்க டாக்டர் நோனாகிட்ட என்னமோ சொன்னீங்களாமே?"

"ஒண்ணும் சொல்லலையே."

"ஒண்ணும் சொல்லாதவங்க சொன்னா இப்படித்தான் ஆவும்போல."

பெப். 20, வியாழன்

மாலையில் காற்று. வட்டப் புல்லில் ரப்பர் இலைகள்.

மணி ஒரே ஒரு முறை. யாரும் சிரிக்கவில்லை. தேயிலை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பார்க்க அங்கே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இரண்டே நாளில் சலித்துவிட்டார்கள். நான் ஒரு வருஷமாகப் பயப்படுவது இவ்வளவு சீக்கிரம் சலித்துப்போகிறவர்களுக்கா?

பேங்க் மனேஜர் சின்ன மட்டையோடு புல்லின் ஓரம் வரைக்கும் வந்தார். வராந்தாவைப் பார்த்தார். மட்டையைத் துடைத்துக் காரில் வைத்துவிட்டார்.

பெப். 21, வெள்ளி

வீட்டில். ஒல்லாந்தர் காலக் குறிப்புகளை மறுபடியும் சுத்தமாக எழுதத் தொடங்கினேன். தலைப்புகளுக்குச் சிவப்பு மைக் கோடு. எழுத்து அழகாக வந்தது. என் எழுத்து எப்போதும் அழகுதான்.

பாதியில் பேனாவை மூடினேன். நானும் கீழ்ச் சரிவில்தான் நிற்கிறேன்.

கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். நன்றாக வந்தது. கண்ணாடிக்கு முன்னால் எப்போதும் வரும். அப்பா கதவைத் திறந்து "என்னம்மா?" என்றார். உடனே நின்றுவிட்டது. அப்பாவுக்கு முன்னாலேயே. இங்கிலீஷ் தெரியாத அப்பாவுக்கு முன்னாலேயே.

அப்பா: "சொல்லும்மா, சொல்லு. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்காதே." கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அந்த மெதுவில் அதே 'யூ மே கோ' அன்பு.

யாரிடமாவது உதவி கேட்க வேண்டும். யாரிடம் என்றும் தெரியும். கேட்க மாட்டேன். கேட்பேன். மாட்டேன்.

பெப். 22, சனி

நல்ல வெயில். நீலச் சேலை. காலை ஆகாரம் இறங்கவில்லை, விளையாடப் போவது நான் போல.

புள்ளிப் பலகையில் எழுதும் வேலை எனக்கு. அதனால் முழுவதும் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்துப் பந்து ஒன்றைக் கூட மி.ரா. தவறவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் உதடு அசைந்தது. ஏதோ எண்ணுகிறார், அல்லது திட்டுகிறார். மிஸிஸ் டர்னர்தான் இரண்டு தடவை தவறவிட்டார். கடைசிக் குழிக்குப் போகும்போது இருவரும் சமம்.

கடைசிக் குழியில் மி.ரா. பெரிய மட்டையை எடுத்தார். வராந்தா முழுவதும் எழுந்து நின்றது. அவருக்கு எப்போதும் வருகிற அடி. பந்து ரப்பர் மரங்களுக்குள் போனது. தேடினார்கள். கிடைக்கவில்லை.

மிஸிஸ் டர்னருக்குக் கிண்ணம். கைதட்டல். படம் பிடித்தார்கள்.

மு. அண்ணன் என் காதருகே: "இந்த வாரம் பெரிய மட்டையத் தொடவே இல்ல, நோனா." நான் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் பேச்சைக் கேட்டுத்தானே. அழுகை வந்தது. வேலை இருக்கிறது என்று ஆபீசுக்குள் வந்துவிட்டேன்.

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் மி.ரா. வாசலில். காலுறையில் புல்லு விதைகள். எழுந்து நின்றேன்.

"என்ன, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீர்?"

"என்னாலதான் மேடம்."

"விசர்க்கதை கதையாதையும். அந்த அடி என்ர அடி. தோத்தது நான்." நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். "ஆனா ஒண்டு பிள்ளை. மற்ற வருசங்கள் தோத்த அண்டைக்கு ஆக்களின்ர முகத்தைப் பாக்கேலாமல் வீட்டை ஓடிப் போறனான். இண்டைக்கு எனக்குப் பசிக்குது."

சிரித்தார். நானும்.

"உமக்கு நான் அண்டைக்கு நன்றி சொல்லேல்லை. கோபம். இப்ப சொல்லுறன். என்ன வேணும் உமக்கு? கேளும்."

வராந்தாவில் நாற்காலிச் சத்தம், கிளாஸ் சத்தம். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு எப்போதும் வருகிற வார்த்தை அது.

"செவ்வாக்கிழம எனக்கு கண்டியில இன்டவியூ மேடம். நாளைக்குப் பின்னேரம் நீங்க வருவீங்களா? வராந்தாவுல, எல்லாரும் இருக்கிற நேரம், அந்த வட்டப் புல்லு மேல என்ன நிக்க வச்சு இங்கிலீஷ்ல கேள்வி கேளுங்க. நான் வாயடச்சு நின்னா முத்தையா அண்ணன மணி அடிக்கச் சொல்லுங்க. சிரிச்சாலும் பரவால்ல. ஆனா போகச் சொல்லிடாதீங்க, மேடம். மறுபடியும் கேளுங்க."