அண்ணாச்சி பிரிண்டரில் வந்த பேய்

ஜூலை 14, 1999. இரவு.

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறிய மாதிரிதான் வரும்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பிரௌசிங் சென்டரில் என் இடத்தில் உட்கார்ந்தபடியே, கண்ணாடி அறைக்குள் இருந்த கடை முதலாளி செல்வம் அண்ணாச்சியின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டேன். கடையில் எல்லா கம்ப்யூட்டரும் ஒரே வயரில் சேர்ந்திருக்கின்றன; அது பாஸ்வேர்டு கூடக் கேட்கவில்லை. "நான் பேய் வந்திருக்கேன். ஒரு டீ சொல்லு" என்று அவர் பிரிண்டரில் அடித்தேன். அண்ணாச்சி வெளியே ஓடிவந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார். ராஜபாளையத்தில் பேங்க் மேனேஜர் அவர்.

"எங்க பேங்குக்கும் இண்டர்நெட் வருதுலே. செல்வம்தான் மாட்டுதாரு. அவரு கடையில இருக்க மாதிரியே எல்லா கம்ப்யூட்டரையும் சேத்துருவாராம். நாளைக்குச் சாயங்காலம் நான் கையெழுத்துப் போடணும்."

தட்டைத் தள்ளி வைத்தேன். கடை கம்ப்யூட்டருக்குள் நானே நுழைந்துவிட்டேன். பேங்குக்குள் எந்த ஊர்க்காரன் நுழைவானோ? பணம் போனால் கையெழுத்துப் போட்ட அப்பாவைத்தானே போலீஸ் தேடி வரும்?

"வேண்டாம்ப்பா. இண்டர்நெட்டுக்குன்னு தனியா ஒரு கம்ப்யூட்டர் வைங்க. கணக்கு இருக்க மெஷின்ல அந்த வயரே படக்கூடாது. மோடம் வந்தா மோசம்!"

"இதுலயும் கேலியாலே?" என்று அப்பா சிரித்தார்.

"இவன் சொல்லுததைப் போயி நம்புவாகளா?" என்றாள் அம்மா.

காலையில் அப்பாவை அந்தக் கடைக்குக் கூட்டிப்போய், அண்ணாச்சி முன்னாலேயே மறுபடி பேயாக வேண்டும். அப்போதுதான் நம்புவார்; ஆனால் அடி நிச்சயம். அப்பா அடிக்கிற பெல்ட்டை ஒளித்து வைத்தால் இதுவும் விளையாட்டு என்றுதான் நினைப்பார்.

பெல்ட் ஆணியிலேயே தொங்கட்டும்.