ஓவனில் காய்ந்த கடல்மண்

இன்று காலை ஆய்வகக் கதவைத் திறந்ததும் ஓவனில் காய்ந்த களிமண்ணின் வாடை அடித்தது. நாம் திருப்பதியில் ஒன்றாக ஆராய்ச்சி செய்த நாட்களில் நம் துணியெல்லாம் இந்த வாடைதான். நேற்று உன் மகன் அமெரிக்காவிலிருந்து பேசினான். நீ போய்விட்டாய் என்றான். "அப்படியா" என்றேன். பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

நம் வேலை வீட்டில் யாருக்கும் புரிந்ததில்லை. கடற்கரையோரம் ஆழத் துளையிட்டு எடுத்த பழங்கால மண்ணைக் கழுவி, பொடிமணல் அளவே இருக்கும் ஃபோராம் என்ற கடலுயிர்களின் ஓடுகளைத் தூரிகையால் பொறுக்குவோம். கிடைக்கும் இனத்தை வைத்து, அன்று அங்கே கடல் ஆழமா, கரையோரமா என்று சொல்லிவிடலாம். தூரிகை முனையை நான் நாக்கில் தொட்டால், "கடலையே துன்னுடப் போற" என்பாய். குடிபாலா ஊர்ப் பேச்சு உன்னை விட்டுப் போகவே இல்லை.

ஒவ்வொரு மண்ணையும் கழுவுமுன் சல்லடையை நீலச்சாயத்தில் முக்குவோம். முந்தின மண்ணின் ஓடு கண்ணியில் சிக்கியிருந்தால் நீலமாகிவிடும், ஒதுக்கிவிடலாம். ஊரே கம்ப்யூட்டர் படிக்க ஓடிய காலம் அது. மாலை வகுப்புக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் ஒரு நாள் நீ சாயத்தை மறந்தாய். அந்த மண்ணில்தான் கரையோர ஓடுகளுக்கு நடுவே ஆழ்கடல் ஓடுகள் வந்தன. கடல் அங்கே ஆழமாகியிருக்கிறது என்று நீ அடித்துச் சொன்னாய். "சல்லடை அழுக்கு, அந்தே", அவ்வளவுதான் என்று பேராசிரியர் தெலுங்கில் முடித்துவிட்டார். எல்லா ஓடும் வெள்ளை. எது எந்த மண்ணுடையது என்று யார் சொல்வது? உனக்கு விசா வந்தது, போனாய்.

போன வாரம் ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது அந்த மண்ணின் மிச்சம் கிடைத்தது. போனில் சொன்னேன். மருந்தில் உன் குரல் இறங்கிப்போயிருந்தது.

"சீக்கிரம் கழுவு. நான் உசுரோட கீறப்பவே சொல்லு."

"மண்ணு ஊறணும்டி. காயணும்."

"அதுங்க கோடி வருஷம் காத்துக்கினு இருந்ததுங்க. என்னால ஆவாது."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓவன் சூட்டைக் கூட்டினால் ஓடு நொறுங்கும். அதனால் கூட்டவில்லை.

இன்று தட்டில் பரப்பிப் பார்த்தேன். இந்த முறை சல்லடையைச் சாயத்தில் நன்றாக முக்கியிருந்தேன். ஒன்றிரண்டு நீலம் இருந்தது. ஆழ்கடல் ஓடுகள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று இருந்தன. உன் எண்ணுக்கே கூப்பிட்டேன். உன் மகன்தான் எடுத்தான்.

"கடல் ஆழமாத்தான் இருந்துகீது. உங்கம்மா சொன்னது கரெக்டு" என்றேன்.

"ஓகே ஆன்ட்டி" என்றான். வேறு என்ன சொல்வான்?

அழுகை இன்னும் வரவில்லை. உலகத்திலேயே இந்தச் செய்திக்காகக் காத்திருந்தவள் நீ ஒருத்திதான். செய்தி என்னிடமே இருக்கிறது.