குடை எபிசோடில் இல்லாத சிரிப்பு

அக்டோபர் 7

மகள் வந்து டிவியில் ஏதோ டப்பாவை மாட்டிவிட்டுப் போனாள். "தினம் பகல் ரெண்டு மணிக்கு அப்பா வேலை செஞ்ச காமெடி நாடகத்தை மறுபடி போடுறாங்கம்மா. பாரு, ஆறுதலா இருக்கும்."

ஆறுதலாம். மனுஷன் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. அவர் இருந்தபோதே அந்தக் கண்றாவியை நான் ஒரு நாள் பார்த்ததில்லை.

இந்த நோட்டும் அவள் கொடுத்ததுதான். மனசில் இருப்பதை எழுதணுமாம். நான் படிச்சது அஞ்சாவது. பிழைக்கு அவளே பொறுப்பு.

அக்டோபர் 8

பார்த்தேன். சும்மாதான். பட்டன் தைக்கிற வேலை ஒண்ணரைக்கு முடிகிறது, வீட்டில் வேறென்ன வாழுது?

ஒரு வீடு. கீழே கொண்டை போட்ட வீட்டுக்காரம்மா, மாடியில் வழுக்கைத்தலைக் குடித்தனக்காரர். அவர் எது கேட்டாலும் இவள் முடியாது என்பாள். இதை நேரில் பார்க்க நூறு பேர் வரிசையாக உட்கார்ந்து சிரிக்கிறார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள்.

என் புருஷன் அங்கே செட் ஆள். நாற்காலி எடுத்துப் போடணும், கதவுப் பிடியைத் துடைக்கணும். வாரம் ஒரு எபிசோட், புதன்கிழமை எடுப்பார்கள். எடுப்பதற்கு முன்னால் செட் சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய தேதி வரைக்கும் கிழித்து வைக்கிறது இவர் பொறுப்பு. "நான் கிழிச்ச தேதி டிவியில தெரியுதுடி" என்பார். "ஆமா, பெரிசா கிழிச்சீங்க" என்பேன்.

அக்டோபர் 9

கேட்டுவிட்டேன்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, தனியாக ஒரு "ஹெக்". எண்ணெய் போடாத கதவு மாதிரி. அவரேதான். எந்த ஜோக்கும் ஒரு நொடி கழித்துத்தான் அவருக்கு விளங்கும். "யோவ், நீ மட்டும் ஏன்யா தனி ரயில்ல வர்றே?" என்று டைரக்டர் திட்டுவாராம். என்னிடம் சொல்லிவிட்டு அதற்கும் சிரிப்பார்.

டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன். தண்ணீர் முழுக்கச் சேலையில்.

அக்டோபர் 10

இன்று நாலு ஹெக்.

அக்டோபர் 13

வழுக்கைத்தலை நன்றாகத்தான் நடிக்கிறார், பாவி. கால் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்தும் உட்காராமலும் வாடகையைக் குறைக்கச் சொல்லி எபிசோட் முழுக்கக் கெஞ்சுகிறார். முகத்தில் மரியாதை, இடுப்புக்குக் கீழே மரண பயம். காலை அறுத்து வைத்தது யார் என்று கேட்டால் நம் வீட்டுக்காரர். வீட்டில் ஆடுகிற கட்டிலுக்கு ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் மட்டும் முதுகு வலி.

ஆனால் நடிப்பில் வழுக்கைத்தலை கொண்டைக்காரியிடம் பிச்சை வாங்கணும். அவள் வசனத்தைச் சொல்லிவிட்டு சும்மா நிற்பாள். சிரிப்பு அடங்கும். அப்புறமும் நிற்பாள். எதுக்குடி நிக்கிறே, வசனம் மறந்து போச்சா என்று பார்த்தால் — ஹெக். அதன் பிறகுதான் அடுத்த வசனம்.

என் புருஷனுக்காகக் காத்திருக்கிறாள்! நான் அப்படிக் காத்திருந்ததில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

அக்டோபர் 15

எழுதிவிடுகிறேன்.

மகள் பிறந்தது ஒரு பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை. காலையிலிருந்து நான் ஆஸ்பத்திரியில் கத்திக்கொண்டு கிடக்கிறேன், இவர் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வருகிறார். "ஏழு மணியிலேர்ந்து ஆஸ்பத்திரி கேட்டுலதான் நின்னேன். வாட்ச்மேன் விடல."

"கேட்டுலயா, செட்டுலயா?" என்றேன். "அங்க பல்லைக் காட்டிட்டு இங்க வந்து கதை விடாதீங்க."

முப்பத்தொரு வருஷம். மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், அவள் கேக் வெட்டுவதற்கு முன்னால், இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. ஒரே ஒரு தடவைதான் அவர் சொன்னார்: "அன்னிக்கு எடுத்தது குடை எபிசோட். மறுபடி போடும்போது பாரு. அதுல என் சிரிப்பு இருக்காது."

"அதைப் பார்க்கறதுக்கு என் கண்ணு அவிஞ்சு போகலாம்" என்றேன்.

குடை எபிசோட் இன்னும் வரவில்லை. வரட்டும். ஹெக் கேட்கட்டும், வைத்துக்கொள்கிறேன். அவர் படத்துக்கு முன்னால் நின்று கேட்பேன்.

கேட்காவிட்டால்?

அக்டோபர் 20

நேற்று செட் காலண்டரில் 5. இன்று 12. அப்படியென்றால் நாளைக்கு 19.



அக்டோபர் 21

மாடியில் மழை ஒழுகுகிறது. வழுக்கைத்தலை வீட்டுக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டு இறங்கி வருகிறார். கொண்டைக்காரி மேலும் கீழும் பார்க்கிறாள். "என் வீட்டுக்குள்ள இன்னொரு கூரை போட்டிருக்கீங்க. அதுக்குத் தனி வாடகை."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடங்கியது. அவள் நின்றாள்.

ஒன்றுமில்லை.

இன்னும் நின்றாள். கண் மட்டும் ஒரு தடவை இடது பக்கம் போனது. அங்கே யாரும் இல்லை போல. அப்புறம் அடுத்த வசனத்துக்குப் போனாள்.

அவளுக்குப் பின்னால் சுவரில் காலண்டர். 19 இல்லை. அதே 12. கிழிக்க ஆள் வரவில்லை.

ஐயோ, கேட்டுலதான் நின்னீங்களா. காலையிலேர்ந்து. வெயில்ல.

மகளுக்குப் போன் போட்டேன். "நீ பொறந்த அன்னிக்கு அப்பா ஆஸ்பத்திரியிலதான்டி இருந்திருக்காரு."

"தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"அப்பா சொன்னாரே."

அவ்வளவுதான். அவர் சொன்னார், அவள் நம்பினாள். எனக்கு மட்டும் டிவிக்காரன் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. பெரிய நீதிபதி நான்.

அக்டோபர் 22

மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். சுவரில் 26. ஒழுங்காகக் கிழித்திருந்தார், பிள்ளை பெற்ற தகப்பன்.

"அப்பா எங்கம்மா நிப்பாரு?"

திரைக்கு வெளியே, இடது பக்கம், எங்கள் வீட்டு ஜன்னல் இருக்கிற இடத்தைக் காட்டினேன். "தெரிய மாட்டாரு. கேக்கும்."

கொண்டைக்காரி ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"உஷ். பேசாம இருடி. இப்ப வரும்."

சிரிப்பு அடங்கியது. கொண்டைக்காரி அப்படியே நின்றாள். நாங்கள் ரெண்டு பேரும் அவளோடு காத்திருந்தோம்.