சக்களத்தியின் காரத்தன்மை

மார்ச் 3, செவ்வாய்

சமுத்திரராஜன் வீட்டை விட்டுப் போய் இன்றோடு பதினாறு நாள். சமுத்திரத்தை மட்டும் ஹாலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். நானூறு லிட்டர் உப்புத் தண்ணீர்த் தொட்டியை அவர் அக்கா வீட்டு மாடி தாங்காதாம். நாலு சட்டை, இரண்டு பேன்ட், ஷேவிங் செட். லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசருக்கு அது போதும்.

பதிவுக்காக எழுதி வைக்கிறேன். "அந்தத் தொட்டி முக்கியமா, நான் முக்கியமா?" என்று கேட்டது நான்தான். எந்தப் பெண்டாட்டியும் கேட்கிற கேள்வி. பதில் சொல்ல ஒரு வினாடி ஆகுமா? அந்த மனிதர் யோசித்தார். நின்று, நிதானமாக, தொட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு யோசித்தார். "போங்க" என்றேன். பதினான்கு வருஷமாக நான் சொன்ன எதையும் கேட்காதவர், அதை மட்டும் உடனே கேட்டுவிட்டார்.

தொட்டியின் நடுவில் நிற்பவள் ஊதா நிறக் கிளைப்பவளம். நாலு வருஷம் முன்னால் சுண்டுவிரல் நீளம்; இப்போது இரண்டு உள்ளங்கை விரித்த அகலம். நான் வைத்த பெயர் சக்களத்தி. அவள் செத்தால் பழி என் தலையில்தான் விழும். அதனால் சாகக் கூடாது. மற்றபடி பாசம் ஒன்றும் இல்லை.

மார்ச் 4

அவர் விட்டுப்போன நோட்டைப் பிரித்தேன். தினமும் காலையில் தண்ணீரின் காரத்தன்மை பார்க்க வேண்டும். பவளம் எலும்பு கட்டிக்கொள்வது அதை வைத்துத்தான். 8.2 இருந்தால் மகாராணி சுகமாக இருக்கிறாள் என்று அர்த்தம். சின்னக் குப்பியில் ஐந்து மில்லி தண்ணீர், ஊசியிலிருந்து சொட்டுச் சொட்டாக மருந்து, நீலம் மஞ்சளாகும்போது நிறுத்தி எண்ணைப் படி. பத்தொன்பது வருஷமாக ரத்தப் பரிசோதனை லேபில் இதே பிழைப்புதான். வீட்டுக்கு வந்தும் அதே.

பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருக்கிறார். தேதி, எண், பார்த்தவர். கடைசிக் கட்டம் — "சரிபார்த்தவர்". எங்கள் லேபில் இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகாது என்று எப்போதோ பெருமையடித்தேன். அப்படியே காப்பியடித்திருக்கிறார். நாலு வருஷமாக அந்தக் கட்டம் காலி. யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று எதிர்பார்த்தாராம்? மீன்களா?

மார்ச் 6

காலை ஏழரைக்கு அவரிடமிருந்து போன்.

"எவ்வளவு?"

"எட்டு புள்ளி ரெண்டு."

"சரி."

பதினொரு வினாடி. நான் எண்ணவில்லை, போனே காட்டுகிறது.

மார்ச் 9, திங்கள்

8.2. பதினொரு வினாடி. இந்தக் குடும்பத்தில் ஒழுங்காக இருப்பது தண்ணீர் ஒன்றுதான்.

நாத்தனார் பேசினார். "அவன் இங்க நல்லாத்தான் இருக்கான், நீ கவலைப்படாதே." நான் கவலைப்படுகிறேன் என்று யார் சொன்னது? நல்லா இருக்கானாம். இருக்கட்டும். நன்றாகவே இருக்கட்டும்.

மார்ச் 10

8.2 என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆறு புள்ளி எட்டு" என்று வந்தது.

அவர் குரலே வேறாகிவிட்டது. விளக்கு எத்தனை மணிக்கு அணையுது, தண்ணி சுத்துதா, அவ கிளையெல்லாம் எப்படி இருக்கு, நீ சாப்பிட்டியா. கடைசிக் கேள்விக்கும் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. இருபத்து மூன்று நிமிடம்.

"பயப்படாதே. சோடாவை இங்கேருந்தே ரெட்டிப்பாக்கிடறேன்."

தொட்டிக்கு அடியில் ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. புட்டியிலிருந்து சமையல் சோடாக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்கும், காரத்தன்மை இறங்காது. அதன் கடிவாளம் அவர் போனில்.

பத்தொன்பது வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. டாக்டர்களே கெஞ்சியும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொன்னேன். எதற்கு? இருபத்து மூன்று நிமிடத்துக்கு. அடி பாவி.

மார்ச் 11

அவர் இரட்டிப்பாக்கிவிட்டார். தண்ணீரோ சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு பங்கு சோடா விழுந்தால் சக்களத்தி வெந்துபோவாள். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் நாளையிலிருந்து பதினொரு வினாடி.

மூளை வேலை செய்தது. புட்டியில் இருந்த கரைசலில் சரியாகப் பாதியைக் கொட்டிவிட்டு, அதே அளவுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றினேன். அளவு இரண்டு மடங்கு, வீரியம் பாதி. ஆக, பழைய படியேதான். இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

மார்ச் 13

6.9 (உபயம்: என் கற்பனை). முப்பத்தொரு நிமிடம்.

மார்ச் 16

இப்போது சாயங்காலமும் கூப்பிடுகிறார். லிஃப்டில் ஒரு பேங்க் மேனேஜர் மாட்டிக்கொண்டு உள்ளிருந்தே எல்லாருக்கும் உத்தரவு போட்ட கதையைச் சொன்னார். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு ஞாபகம் வந்து, கவலையான குரலில் "ஏழுகூடத் தாண்ட மாட்டேங்குதுங்க" என்றேன்.

ஊசியைத் தொட்டே ஆறு நாள் ஆகிறது. கணக்கு சரியாக இருக்கிறது, சோதிக்க என்ன இருக்கிறது? பொய் சொல்ல ஊசி எதற்கு?

மார்ச் 20, வெள்ளி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தற்செயலாகப் பார்த்தேன். சக்களத்தியின் ஊதா போய்விட்டது. சாம்பல் பூசின மாதிரி இருக்கிறாள். ஒரு கிளை நுனியிலிருந்து வெள்ளை வெளேரென்று. சோதித்தேன். 5.6. குப்பியைக் கழுவிவிட்டு மறுபடி. 5.6. மூன்றாம் தடவையும் அதேதான்.

நானே போன் போட்டேன். "அஞ்சு புள்ளி ஆறுங்க."

"ஓஹோ, அவ்வளவு இறங்கிடுச்சா?" குரலில் சிரிப்பு. "பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம். அப்புறம், சாயங்காலம் என்ன பண்றே?"

"சிரிக்காதீங்க! இது நெஜம்! இத்தனை நாள் சொன்னதுதான் பொய்!"

"தெரியும்" என்றார்.

தெரியுமாம்.

"ஒரே நாள்ல ஒன்றரை எப்படி இறங்கும்? பம்பையே நிறுத்திட்டு, உள்ள இருக்கிற அத்தனையும் பந்தி போட்டுத் தின்னாலும் முக்கால்தான் இறங்கும். அதான் நான் ரெட்டிப்பாக்கவே இல்ல. பழைய அளவுதான் போகுது."

"பழைய அளவா? ஐயோ... நான் புட்டியில பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திட்டேங்க."

இப்போது அவர் சிரிக்கவில்லை. ஒன்பது நாளாக அவளுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. புருஷன் கெட்டிக்காரர், பெண்டாட்டி அதைவிடக் கெட்டிக்காரி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ள எங்களிடம்தான் பாடம் கேட்க வேண்டும்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா மறுநாள் எட்டு ரெண்டுன்னு சொல்லிட்டு வெச்சுடுவே."

அரை மணி நேரத்தில் வாசலில் நின்றார். கம்பெனிச் சட்டையோடு, துணிப்பெட்டியோடு. என்னைத் தாண்டி நேராகத் தொட்டிக்குப் போவார் என்று நினைத்தேன். முதலில் என்னைத்தான் பார்த்தார். பிறகு ஓடினார்.

மார்ச் 21

வெளுத்த கிளையை வெட்டி எடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பத்து சொல்லியிருப்பேன். திட்டாததால் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். ஒரு பவளத்துக்காக! எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம். "பட்டினி கிடந்தவளுக்கு ஒரேயடியா ஊட்டினா அதுலயே போயிடுவா. ஒரு நாளைக்கு அரைதான்." 8.2 வரும்வரை ஹால் சோபாவில் படுத்துக்கொள்கிறாராம். பெட்டியைத் திறக்கவில்லை, சோபா ஓரமாகவே வைத்திருக்கிறார்.

மார்ச் 23

7.0. கேட்டே விட்டேன். "அன்னிக்கு என்ன அப்படி யோசிச்சீங்க?"

"யாருகிட்ட குடுத்தா அவ பொழைப்பான்னு யோசிச்சேன்."

கொடுப்பதாகவே முடிவாம்! வாயைத் திறந்து சொல்வதற்கு என்ன கேடு? சொல்வதற்குள் நீ "போங்க"ன்னுட்டே என்கிறார். சரி, அதுவும் உண்மைதான்.

மார்ச் 25

7.5. ஊதா லேசாகத் திரும்புகிறது. பெட்டி இன்னும் சோபா ஓரத்தில்.

மார்ச் 26

7.8. அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "இங்க ஓரளவு சரியாயிடுச்சுக்கா. நாளைக்கோ, மறுநாளோ." நாளைக்கோ மறுநாளோ என்ன? நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருந்துடுங்க என்று சொல்ல எனக்கு நாக்கு இல்லையா? 6.8 என்று மட்டும் நன்றாகப் புரண்டதே.

மார்ச் 27, வெள்ளி

ஆறு மணிக்கு, அவர் எழுந்திருக்கும் முன்னால், நானே சோதித்தேன். 8.2. மறுபடியும் 8.2. குப்பியைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஏழரைக்கு அவர் சோதித்தார். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் மஞ்சளாகியது. ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ரொம்ப நேரம் படித்தார். நோட்டை எடுத்து எழுதினார்.

எட்டிப் பார்த்தேன். 7.3.

நேற்று 7.8 என்று தன் கையாலேயே எழுதியவர்.

"திரும்ப இறங்கிடுச்சு" என்றார், தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போல."

"ஆகும்தான்" என்றேன். "நோட்டைக் குடுங்க."

சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.