தேயாத பிரேக்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் இங்கே சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

இந்த ஒர்க்‌ஷாப்பில் எல்லாமே மின்சாரக் கார். ஆயில் மாற்ற வேண்டாம், பிளக் துடைக்க வேண்டாம். கையை மோந்து பார்த்தால் வெறும் சோப்பு வாசம். பெட்ரோல் நாற்றத்தோடு உள்ளே வராதே என்று நீ கத்தியதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

போன வாரம் சின்னதாக ஒரு சொதப்பல். பயப்படாதே, யாருக்கும் அடியில்லை. ஒரு டீச்சரம்மாவின் பழைய காரில் பிரேக் பேட் பார்த்தேன். பெட்ரோல் காராக இருந்தால் இத்தனை வருஷத்தில் தேய்ந்திருக்கும். இது புதுசுபோல் தடிமனாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். மறுநாளே, கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று திரும்பி வந்தார். கழற்றினால் பிரேக் உள்ளே துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

என்னைவிட இளையவரான சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். "இதுல மோட்டாரே வேகத்தைக் குறைச்சிடும்ணே, பிரேக்குக்கு வேலையே இல்ல. தேயலன்னு சந்தோஷப்படாதீங்க, சும்மா கிடந்தே கெட்டுப்போகும்."

அன்று முழுக்க உன் நினைவுதான். முன்பெல்லாம் போனில் சண்டை போடுவாய். இப்போது, "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். நானும் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட்டேன்.

உன் பழைய நூல் புடவையில் கொஞ்சம் துணி கிழித்து அனுப்பு. துடைக்க இங்கே எண்ணெய் இல்லைதான். இருந்தாலும் அனுப்பு.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அன்றைக்காவது என்னை நாலு வார்த்தை திட்டிவிடு.